கொன்ட்ரேக் அப்பாவுக்கு, பெர்மனெண்ட் மகள் எழுதுவது

அன்புள்ள மகனே,

பதறாதீர்கள் அப்பா, உங்களைத்தான். நான் பிறந்ததிலிருந்து நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட "அம்மா" என்று கூப்பிட்டதுதான் அதிகம். "சாப்டியாம்மா", "தலையைத் துவட்டும்மா", "ஏம்மா இப்படி மானத்தை வாங்குற". பதினேழு வயது வரைக்கும் அந்தப் பதவியைச் சம்பளமில்லாமல் பார்த்தாயிற்று. அதற்குரிய அதிகாரத்தை இன்றைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தூரதேசத்துக்கு வேலைக்குப் போகும்போதும் கல்யாணமாகிப் போகும்போதும் பெற்றவர்கள் உட்கார்ந்து நீளமாக ஒரு கடிதம் எழுதுவார்களே, அந்த மாதிரிதான் இது. நம் வீட்டில் இப்போது கிளம்புகிற பிள்ளை நீங்கள். நானோ ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பரீட்சை முடிகிறவரை எங்கேயும் நகர முடியாது. ஆக, எழுதுகிற பொறுப்பு என் தலையில். "நீ, வா, போ" என்றே எழுத ஆசைதான். ஆனால் என் மருமகள், அதாவது நிஜ அம்மா, கரண்டியோடு எட்டுகிற தூரத்தில் நிற்கிறார். அதனால் மரியாதையாகவே போகிறேன். இதை ஒளித்து வைக்கவும் போவதில்லை. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுகிறேன், நம் குடும்ப வாட்சாப் குழுவிலும் போடுகிறேன். பெரியப்பாவிலிருந்து சித்தி வரைக்கும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்கிறவள் கருத்தும் ஓரமாகக் கிடக்கட்டும்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக ஒரு சுருக்கம். கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மில்லில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நீங்கள் வேலை செய்கிறீர்கள். பொய்லரில் எரிக்கச் செம்பனைக்கொட்டை ஓடு அள்ளிப் போடுகிற கையாளாக நுழைந்து, இன்றைக்குப் பழுதுபார்க்கும் பிரிவுக்கே சூப்பர்வைசர். பெர்மனெண்ட் வேலை. இந்தக் குவாட்டர்ஸ் வீடும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். வார இறுதியில் சிரம்பானுக்குப் போய்ப் போய், நான் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தபோது தொடங்கிய டிகிரியை, நான் இடைநிலைப் பள்ளியில் பாதி தாண்டியபோது முடித்தீர்கள். அதைப் பார்த்து சிரம்பானில் இருக்கிற ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உங்களைப் பாடம் நடத்தக் கூப்பிட்டது. இரண்டு வருடக் கொன்ட்ரேக், ஒப்பந்த வேலை. அதற்குப் பிறகு நீட்டிப்பார்களா, கை விரித்துவிடுவார்களா, தெரியாது. நீங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டு, மில்லில் வேலையை விடுகிற கடிதமும் கொடுத்தீர்கள். மேனேஜர் நல்ல மனுஷர். "இது எங்கிட்டயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் மேல அனுப்ப மாட்டேன். மனசு மாறினா வந்து சொல்லு" என்றார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்கள் மனசு மாறவில்லை. அன்றைக்குச் சாயந்தரத்திலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

முதலில் சொந்தக்காரர்களைப் பற்றி. அவர்கள் பேச்சு உங்களை அசைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்து ரசித்திருக்கிறேன். பெரியப்பா போனில், "டேய், சிக்கு ஆகப் போறியா, இல்ல சிக்கிக்கப் போறியா?" என்று கேட்டார். மலாயில் வாத்தியாரான "சிக்கு"வையும் தமிழ்ச் சிக்கலையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டதற்கு நானே கைதட்டினேன். நீங்களும் சிரித்தீர்கள். சித்தி, "ரெண்டு வருஷத்துக்குன்னு யாராச்சும் கல்யாணம் பண்ணுவாங்களா மாமா?" என்றார். நான் நடுவில் புகுந்து, "ஒப்பந்தத்துக்குள்ளயே பந்தம் இருக்கு சித்தி, எழுதிப் பாருங்க" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "பந்தம்னா கொளுத்துறதும் இருக்கு லா, வாயை மூடு" என்றார். நம் வீட்டில் எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கக் கூடாது. ஆனால் உங்களைக் கரை ஏற்றிவிட்டதும் அதே அம்மாதான். சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் நாம் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற சின்ன வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அங்கே சமையலறையில் எந்தச் சுவரில் என்ன மாட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டார். "இந்த வீட்டு சாவியை எப்பக் கொடுக்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் உங்களிடம் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

மில் உங்களை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். அதற்காக அடி வாங்கினேன், அதனால் மறக்கவில்லை. மில் சங்கை என் போனில் பதிவு செய்து, ஸ்பீக்கரில் போட்டு, குளியலறை ஜன்னலுக்கு வெளியே அலறவிட்டேன். ஒரு கன்னம் நுரை, ஒரு கன்னம் வழவழ என்று, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு வாசல் வரைக்கும் ஓடி வந்தீர்கள். எதிர் வீட்டு அத்தை கோலப்பொடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நீங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கோழிக்கூண்டு வரைக்கும் துரத்தினீர்கள். அதெல்லாம் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "நெஞ்சு இன்னும் அடங்கல. லீவு நாள்னு தெரியுது, ஆனா காலு நிக்கல பாரு." எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சங்கை யார் ஊதினாலும் ஓடுகிற கால்கள் உங்களுடையவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை ஊதிப் பார்த்தது நானாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வருத்தமும்.

இனி இன்னொரு நாள். கல்லூரியில் மாதிரி வகுப்பு ஒன்றை உங்களை எடுத்துக்காட்டச் சொன்னார்களே, அந்த நாள். "நீ கெண்டீனில் உட்கார்ந்து மைலோ குடி, நான் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மைலோவைக் குடித்தேன். ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து குடித்தேன். என்னை அவர்கள் மாணவி என்று நினைத்தார்கள், அவர்களை நான் ஏன் குழப்ப வேண்டும். முதல் பத்து நிமிடம் நீங்கள் பேசியதைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. மூக்குக்குக் கீழே வியர்வை, புத்தகத்தில் இருக்கிற மலாய், பாதிப் பேர் போனுக்குள் தலை. பிறகு நீங்கள் மார்க்கரை மூடிவிட்டு, "உங்க வீட்டுக் குக்கர் ஏன் விசில் அடிக்குது, யாராவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். ஒருவன் "சோறு வெந்துடுச்சுன்னு சொல்லுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், தலைகள் நிமிர்ந்தன. நீங்கள் குக்கரை வரைந்தீர்கள், அதே படம் மெல்ல மெல்லப் பொய்லராக மாறியது. எனக்கு நாக்கு அரித்தது. கையைத் தூக்கி மலாயில் கேட்டேன்: "சார், பொய்லருக்கு சேப்டி வால்வு இருக்கு. கோவக்கார அப்பாவுக்கு அது எங்க இருக்கு?" திரும்பிப் பார்த்தீர்கள். என்னைக் கண்டதும் உங்கள் கண் போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் ஒரு நொடிதான். "அந்த மாதிரி அப்பாவுக்கு ஒரு பொண்ணு இருக்கும். பிரஷர் ஏறுறதுக்கு முன்னாடியே அதுதான் வந்து விசில் அடிக்கும்" என்றீர்கள். வகுப்பு அதிர்ந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த கல்லூரி அம்மையாரும் சிரித்தார்.

வகுப்பு முடிந்த பிறகு முன்வரிசைப் பெண் ஒருத்தி, படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டீர்கள். அவள் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள். நான் கதவோரம் நின்று சைகை காட்டினேன், வயிற்றைத் தடவினேன், கடிகாரத்தைத் தட்டினேன். உங்களுக்கு நான் பிறந்ததே மறந்துவிட்டது. காரில் வரும்போது ரேடியோ போடவில்லை. பாரோய் திரும்புகிற இடம் வரைக்கும், "அந்தப் பொண்ணு கேட்டா பாரு ஒரு கேள்வி, தண்ணி எங்க போய்த் திரும்பி வருதுன்னு, நான் இத்தனை வருஷமா அதை அப்படிப் பார்க்கல லா" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். மில்லிலிருந்து களைத்து வந்திருக்கிறீர்கள், கோபமாக வந்திருக்கிறீர்கள், போனஸ் சமயத்தில் சந்தோஷமாகவும் வந்திருக்கிறீர்கள். அந்த முகத்தோடு ஒரு நாளும் வந்ததில்லை. மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் அந்த முகத்தைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவள், அவ்வளவுதான். (ஒரே ஒரு "உனக்கு" போட்டுவிட்டேன். அம்மா கவனிக்கவில்லை.)

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? அதைத்தான் வீட்டில் யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள். நான் கோயில் கொட்டகையில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன், அதனால் முழுதும் கேட்டேன். திருவிழா ஏற்பாட்டுக்கான கூட்டம். நம் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவின் உபயம். முதல் நாள் பழக்குலை வெட்டுகிற வெட்டுக்காட்டுக்காரர்கள், அடுத்து ஆபீஸ், அதற்கடுத்து மில். உபயம் யாருடையதோ அவர்கள் குடும்பப் பெயர்களையும் நட்சத்திரத்தையும் ஐயர் அன்றைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி அர்ச்சனை செய்வார். மில் உபயத்தில் முதல் பெயர் நம்முடையது. வருடா வருடம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நிற்பீர்கள், நான் பின்னால் நின்று உங்கள் வேட்டி நுனியை யாருடைய துண்டோடாவது முடிச்சுப் போடுவேன். காட்டுக் கங்காணியான முனியாண்டி மண்டோர்தான் கோயில் தலைவர். அவர் உங்களைப் பார்த்து, கெட்ட எண்ணத்தோடு இல்லை, குழப்பத்தோடுதான் கேட்டார்: "தம்பி, திருவிழா வர்றப்ப நீ மில்லுல இருக்க மாட்டியே. உன் பேரை எங்க போடுறது?"

"மில் உபயத்துலதான் மண்டோரே. இத்தனை வருஷம் அங்கதானே இருக்கேன்."

"அது பெர்மனெண்ட் ஆளுங்களுக்குன்னு சொன்னது நீதானே லா. கொன்ட்ரேக் ஆளுங்களுக்கு உபயத்துல பேரு கிடையாதுன்னு இதே இடத்துல நின்னு சொன்ன. இப்ப நீயே கொன்ட்ரேக்."

யாரோ பின்னாலிருந்து, "லெக்சரர் ஆனதும் லெக்கு சறுக்கிடுச்சு போல" என்றார்கள். நல்ல வார்த்தை விளையாட்டுதான், வேறு நேரமாக இருந்தால் நான் எழுதி வைத்திருப்பேன். நீங்கள் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள். வீட்டில் சாப்பிடவில்லை. கால் கழுவும்போது அம்மாவிடம், "மேனேஜர்கிட்ட பேசலாமான்னு பார்க்குறேன்" என்றீர்கள்.

மண்டோர் சொன்னது உண்மை. நீங்கள் அதையே வீட்டிலும் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. செல்வம் மாமா நம் வீட்டு வாசலுக்கு ஓர் அரிசி மூட்டையோடு வந்தார். செம்பனைக் காட்டிலிருந்து பழக்குலைகளை ஏற்றி மில்லில் கொட்டுகிற லோரி அவருடையது. நாள் முழுக்க உங்கள் மில்லுக்கும் காட்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறார். ஆனால் கொன்ட்ரேக். குவாட்டர்ஸ் கிடையாது, வெளியே கம்பத்துக் கிராமத்தில் வாடகை வீடு. "அண்ணே, மில் உபயத்துல என் பேரும் இருக்கட்டும், பிள்ளைங்க பேரோட" என்றார். நீங்கள் உபயத்துக்குச் செயலாளர். "அரிசி கொடு லோரி, வாங்கிக்கிறோம். பேரு முடியாது. ஒருத்தருக்குத் திறந்துவிட்டா எல்லாரும் வருவாங்க" என்றீர்கள். அவர் மூட்டையைத் திண்டில் இறக்கி வைத்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அந்த அரிசியில்தான் அந்த வருடம் அன்னதானம். ஐயர் எல்லாப் பெயரும் சொன்னார், அவர் பெயர் சொல்லவில்லை. அவரும் அவர் வீட்டு அத்தையும் பிள்ளைகளும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டார்கள். நீங்கள் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்கு என்று நினைத்துத்தான் செய்தீர்கள். மில்லில் வால்வை மூடுகிற மாதிரி வாசலையும் மூடினீர்கள்.

ஆக, உங்களைப் பயமுறுத்துவது இரண்டு வருடம் இல்லை. அதை நீங்களும் அம்மாவும் கணக்குப் போட்டுத் துணிந்துவிட்டீர்கள். கல்லூரி நீட்டாவிட்டால் வேறு மில், வேறு பட்டறை, கை இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. செல்வம் மாமா நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டுமே என்பதுதான் உங்களை உலுக்குகிறது. பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து மேனேஜர் அறையில் இல்லை. நாளைக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கினால், மூன்றாம் நாள் முன்வரிசையில் உங்கள் பெயர் இருக்கும், பட்டு வேட்டியும் இருக்கும், நான் வழக்கம்போல முடிச்சுப் போடுவேன். அதோடு ஒவ்வொரு வருடமும் அந்தக் கொடிமரத்துப் பக்கம் உங்கள் கண் போகும். எனக்கு அது தெரியும், உங்களை எனக்குப் பெற்ற தாய் மாதிரித் தெரியும்.

சரி, இப்போது நான் செய்த காரியம். திட்டுவதற்கு முன்னால் முழுதும் படியுங்கள். திருவிழாவில் கடைசிக்கு முந்தின நாள் வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்காரர்கள் உபயம் அது. கடை மூடியதிலிருந்து யாரும் எடுக்கவில்லை, கோயில் கமிட்டியே ஒப்புக்குச் சுண்டல் கொடுத்து முடிக்கிறது. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மண்டோரிடம் போய், "தாத்தா, அந்த நாளை கொன்ட்ரேக் ஆளுங்க எடுத்தா விடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "யாரும் கேட்டதில்லையே லா. கேட்டா கமிட்டியில வைக்கலாம். எனக்கென்ன, அம்மனுக்கு ஒரு நாள் குறையாம நடந்தா சரி" என்றார். அங்கிருந்து நேரே சைக்கிளில் செல்வம் மாமா வீட்டுக்கு. அவர் லோரிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. காலிடம்தான் பேச ஆரம்பித்தேன். லோரிக்காரர்கள், உரம் போடுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்தால் ஒரு நாள் உபயம் தாராளமாகச் செய்யலாம், எல்லார் பெயரும் சொல்லலாம் என்றேன். கால் அசையவில்லை. பிறகு ஆள் வெளியே வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதை உங்கப்பா சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல மாமா. அவருக்குத் தெரியவே தெரியாது."

"அதானே பார்த்தேன்." கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவரு வேலையை விடுறாருன்னு காட்டுல பேசிக்கிட்டாங்க. நிஜமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிக்கிறாரு."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை. "இங்க பாரு பாப்பா. மில்லுக்குள்ள இருந்துகிட்டு அவரு இதைச் சொன்னா, மேல இருந்து ஓர்டர் போட்ட மாதிரி இருக்கும். நாங்க செய்வோம், ஆனா மனசு வராது. வெளிய வந்து கேக்கட்டும். அப்ப நாங்களும் அவரும் ஒண்ணு. சரின்னு சொல்லுவேனான்னு இப்ப கேக்காதே. அவரு கேக்கட்டும்." உள்ளேயிருந்து அத்தை, "பிள்ளையை வெயில்ல நிக்க வச்சு என்ன பஞ்சாயத்து" என்று திட்டி, எனக்கு ரோஸ் சிராப் தண்ணி கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதனால் புத்தி சொல்கிற பகுதி வருகிறது, பெற்றவர்கள் கடிதம் என்றால் இது இல்லாமல் முடியாது. நாளைக்குக் காலையில் மேனேஜரைப் பாருங்கள். மனசு மாறவில்லை, கடிதத்தை மேலே அனுப்புங்கள் என்று சொல்லுங்கள், அவருக்கு நன்றியும் சொல்லுங்கள், அவர் உங்களுக்காகக் காத்திருந்தவர். கல்லூரியில் யாராவது உங்களை லெக்சரர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பழகுங்கள், இப்போதைக்கு நீங்கள் "சூப்பர்வைசர்" என்றால்தான் திரும்புகிறீர்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், பிள்ளைகள் அதை மன்னிப்பார்கள். தெரிந்த மாதிரி நடித்தால் நாங்கள் மன்னிக்கிறதில்லை, கடைசி வரிசையின் சார்பில் சொல்கிறேன். இரண்டு வருடம் முடிந்து நீட்டாமல் போனால் வீட்டுக்கு வந்து உட்காருங்கள், நாங்கள் கிண்டல் செய்வோம், பிறகு சேர்ந்து யோசிப்போம்.

நாளைக்குச் சாயந்தரம் செல்வம் மாமா கடைசி லோடு கொட்டிவிட்டு ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாராம், அத்தையிடம் கேட்டு வைத்திருக்கிறேன். தனியாகப் போங்கள். நான் வரமாட்டேன், வந்தால் வாயைத் திறந்து கெடுத்துவிடுவேன். மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். நாய் குரைக்கும், அதற்கு வேறு வேலை இல்லை. "லோரி" என்று கூப்பிடாதீர்கள், செல்வம் என்று கூப்பிடுங்கள். பழைய கதைக்கு என்ன பேசுவது என்று எழுதித் தர எனக்கு வயசு போதாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், சொல்லாவிட்டால் நின்றுகொண்டே, அந்த நாள் அர்ச்சனைக்கு எழுதிக்கொள்ளக் கேளுங்கள். முதலில் அவருடைய நட்சத்திரம். அடுத்து அத்தையுடையது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவருடையதும்.